கரிக்காரர்களுக்கு இனி யார் மானேஜர்?

சான் எலியாஸ், கியூபா
6 டிசம்பர் 1998

அன்புத் தம்பி எவெலியோ,

நீயும் உன் முட்டிவலியும் எப்படி இருக்கிறீர்கள்? நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், அதுவே பெரிது. நீ ஊருக்கு வந்தவர் கையில் கொடுத்தனுப்பிய மூக்குக்கண்ணாடி அளவெடுத்ததுபோல் பொருந்திவிட்டது. இப்போதுதான் அரிசியில் எவ்வளவு கல் இருக்கிறது என்பதே தெரிகிறது.

ஊர்ச் செய்தி என்று கேட்டால் ஒன்றே ஒன்றுதான். நம் பேஸ்பால் அணியான கரிக்காரர்கள் தோற்கிறார்கள். பன்னிரண்டு ஆட்டத்தில் ஒன்பது போச்சு. பிளாசா சதுக்கத்தில் பாதாம் மரத்தடியில் கூடும் ரசிகர் கூட்டம், மானேஜர் என்று உன் அத்தானை உரித்து உப்புத் தடவிக்கொண்டிருக்கிறது. நேற்று பெலாயோ வாசலுக்கே வந்துவிட்டான்.

"சொய்லாக்கா, உம் புருஷன்கிட்ட சொல்லி வை. அந்தச் சோப்ளாங்கியை நாலாவது ஆளா பேட் பண்ண அனுப்பினா, நான் மைதானத்துக்கு வரமாட்டேன். வீட்ல உக்காந்து கோழிக்குத் தீனி போடுவேன்!"

"போடு, கோழியாவது முட்டை வைக்கும்" என்றேன். அவன் போன பிறகு உன் அத்தான் என்னிடம், "யாரு இவன், இவ்ளோ உரிமையா பேசறான்?" என்று கேட்டார். முப்பது வருடமாக அடுத்த வீட்டுக்காரன்! கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

தம்பி, ஒன்று கேட்கிறேன். பதினெட்டு வருடமாக எனக்கு எழுதுகிறாய். ஒரு கடிதத்திலாவது அவருக்கென்று ஒரு வரி உண்டா? நீ எறிந்த பந்தையெல்லாம் எட்டு வருடம் கேட்சராக உட்கார்ந்து பிடித்தவர் அவர். இந்த முறை ஒரே ஒரு வரி எழுது. நான் படித்துக் காட்டுகிறேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளாதே.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். ஈரத்தில் நிற்காதே.

உன் அக்கா,
சொய்லா


டாம்பா
28 டிசம்பர் 1998

அன்புள்ள அக்கா,

நீ நலம் என்று படித்து நிம்மதி. முட்டி அப்படியேதான் இருக்கிறது. ரொட்டிக்கடை வண்டியில் நாளைக்கு நூறு தடவை ஏறி இறங்கினால் வேறு எப்படி இருக்கும்?

பண்டிகைக்கு இங்கே பன்றி சுட்டோம். உன் கைப் பக்குவம் வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை நான் கேட்டேன். சாயங்காலம் வேலை முடிந்ததும் வண்டியைக் கடல் ஓரமாக நிறுத்தினால் நம் ரேடியோ கரகரவென்று கிடைக்கும். எட்டாவது இன்னிங்ஸ். நாம் ஒரு ரன் முன்னால். எதிரணிக்காரன் மூன்று பேஸிலும் நிற்கிறான். உன் புருஷன் பெஞ்சிலிருந்து எழுந்து, பந்து எறியும் பிட்சர் நிற்கும் மேட்டுக்குப் போகிறான். பிட்சரை மாற்றப்போகிறான், நல்லது. போனவன் என்ன செய்தான்? தன் இடது கையைத் தட்டிக் காட்டினான்! இடது கையைத் தட்டினால் இடதுகைக்காரன் வரவேண்டும் என்பது தெருவில் விளையாடும் பொடியனுக்கும் தெரியும். ஓரத்தில் பந்து போட்டு உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்த இரண்டு பேருமே வலதுகைக்காரர்கள். அணியில் இடதுகைக்காரன் என்று ஒருத்தன்கூட இல்லை! வர்ணனையாளர் அதையே மூன்று தடவை சொன்னார். ஐந்து நிமிடம் ஆட்டம் நின்றது. அப்புறம் எவனையோ கூப்பிட்டார்கள், அவன் குளிர்ந்த கையோடு வந்து நாலு ரன் கொடுத்தான். நான் ஸ்டியரிங்கைக் குத்தினேன், ஹாரன் அடித்து பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவன் என்னைத் திட்டினான்.

குடித்திருந்தானா? இல்லை திமிரா?

ஒரு வரி கேட்டாயே, இந்தா: "மரியாதையாக ராஜினாமா செய்." படித்துக் காட்டு.

வேறு வரி என்னிடம் இல்லை அக்கா. உனக்கே தெரியும். 1980இல் நான் அமெரிக்காவுக்குப் படகேறப் போகிறேன் என்று தெரிந்ததும் துரோகி என்று வாசலில் முட்டை எறிந்தார்கள், அதை மறந்துவிட்டேன். எறிந்தவர்களில் பாதிப் பேர் அப்புறம் இங்கேயே வந்து என் கடையில் ரொட்டி வாங்குகிறார்கள். ஆனால் கூட்டம் போட்டு, என் பெயரை அணியின் பட்டியலிலிருந்து அடிக்கச் சொல்லும் தாளில் முதல் கையெழுத்து யாருடையது? அறுபத்தொரு ஆட்டம் ஜெயித்துக் கொடுத்திருக்கிறேன். ஒரே கோட்டில் அடித்துவிட்டான். என் அக்கா புருஷன்.

வைட்டமின் மாத்திரை அனுப்புகிறேன். தவறாமல் சாப்பிடு.

உன் தம்பி,
எவெலியோ


சான் எலியாஸ்
17 ஜனவரி 1999

அன்புத் தம்பி,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே குளிர் வந்து போய்விட்டது. எனக்கு இருமல் இருந்தது, இப்போது இல்லை.

அந்த வரியை நான் படித்துக் காட்டவில்லை. அவசியமும் இல்லாமல் போயிற்று. விளையாட்டு அலுவலகத்திலிருந்து காகிதம் வந்துவிட்டது. 'ஓய்வு தேவைப்படுவதால்' என்று எழுதியிருந்தார்கள். பன்னிரண்டு வருடம் மானேஜராக இருந்தவருக்கு நாலு வரி. உனக்குச் சந்தோஷம்தானே?

அவர் வருத்தப்படவில்லை. படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், மதியம் கறுப்பு மொச்சையும் சோறும் நன்றாகவே சாப்பிட்டார்.

பிளாசாவில் இப்போது அடிதடி ஒன்றுதான் பாக்கி. ரொட்டி வரிசையில் நிற்கும்போது எல்லாம் காதில் விழுகிறது.

"நிவால்தோவைப் போடணும்! ஷார்ட்ஸ்டாப்பா நின்னவன், மொத்த மைதானமும் அவன் கண்ணுக்குள்ள இருக்கும்."

"அவன் கண்ணுக்குள்ள கேலரில இருக்கற பொம்பளைங்கதான் இருப்பாங்க, போடா!"

"அப்ப ரெமிஹியோ? இருபது வருஷமா பிட்சர்களுக்குப் பயிற்சி குடுக்கறாரு."

"அவரு பேச ஆரம்பிச்சா பிட்சரும் தூங்குவான், பந்தும் தூங்கும்."

"தலைநகரத்துலேர்ந்து ஒரு ஆளை அனுப்பறாங்களாமே?"

"அனுப்பட்டும். வந்த ரயில்லயே திருப்பி அனுப்பறோம்!"

என்னைப் பார்த்ததும் சட்டென்று எல்லோரும் வானிலை பற்றிப் பேசினார்கள். மேகமே இல்லாத நாள்.

எட்டாவது இன்னிங்ஸ் பற்றிக் கேட்டாய். அதை விடு.

அன்புடன்,
சொய்லா


டாம்பா
8 பிப்ரவரி 1999

அன்புள்ள அக்கா,

இருமல் போனதா, நிஜமாகவா? நீ எதையும் முழுதாகச் சொல்கிறவள் இல்லை. போன கடிதம் ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. அம்மா செத்ததைக்கூட நீ இரண்டு பக்கம் எழுதினாய்.

சந்தோஷமா என்று கேட்டாய். கடையில் செய்தி சொன்னபோது நான்தான் முதலில் கை தட்டினேன். எல்லோருக்கும் ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தேன். காப்பி தீர்வதற்குள் என்னமோ மாதிரி ஆகிவிட்டது. அன்று மிச்சமிருந்த ரொட்டியைத் தவறான கடையில் இறக்கிவிட்டு வந்தேன்.

இங்கேயும் சண்டைதான். கல்லா பக்கம் நிற்பவர்கள் எல்லாம் நிவால்தோ, அடுப்புப் பக்கம் ரெமிஹியோ. என் ஓட்டு ரெமிஹியோவுக்கு. நிவால்தோவுக்குப் பிட்சர்களைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஒரு பிட்சர் எப்போது களைக்கிறான் என்று அவன் கண்ணைப் பார்த்துச் சொல்லத் தெரியவேண்டும். அது... சரி, அது உன் புருஷனுக்குத் தெரியும். அந்த நாளில் தெரியும். நான் 'இன்னும் முடியும்' என்று பொய் சொன்னால் அப்படியே கேட்சர் முகமூடியைத் தூக்கிக்கொண்டு வந்து, "பொய் சொல்ற வாயைப் பாரு" என்பான்.

அதனால்தான் எனக்கு அந்த எட்டாவது இன்னிங்ஸ் விளங்கவில்லை. யாரைக் கூப்பிட்டான்? கேட்டுச் சொல்லேன். தூக்கம் வரவில்லை என்று சொன்னால் சிரிப்பாய்.

வீட்டில் என்ன செய்துகொண்டிருக்கிறான்? எனக்கொன்றும் அக்கறை இல்லை, சும்மா கேட்கிறேன்.

உன் தம்பி,
எவெலியோ


சான் எலியாஸ்
25 பிப்ரவரி 1999

மதிப்புக்குரிய துரோகி எவெலியோவுக்கு, பெலாயோ எழுதுவது.

நலம்தானே? இருக்கும், நீ மாட்டுக்கறி தின்கிறாய். என் உடம்பு நாற்பது வருடம் சர்க்கரை ஆலையில் உழைத்த உடம்பு, அதற்கு ஒன்றும் ஆகாது.

உனக்கு எழுதக்கூடாது என்று உன் அக்கா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதனால் இந்தக் கடிதம் உனக்கு வரவில்லை, புரிகிறதா? ஆனால் 'அவரைத் துரத்தியது சரிதான்' என்று நீ கடையில் கை தட்டியதாக அங்கிருந்து வந்த ஒருவர் சொன்னார். அதைக் கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் ஆகவில்லை.

அன்றைக்கு நான் பெஞ்சுக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உன் அத்தான் ஃபெர்மின் இடது கையைத் தட்டினார். நடுவர் கிட்டே வந்து, "யாரு வர்றாங்க? பேரு சொல்லுங்க" என்றார். எங்களுக்கு நன்றாகக் கேட்டது.

"எவெலியோ" என்றார். "நம்ம எவெலியோதான். சீக்கிரம் வரச் சொல்லு. இவ்ளோ நேரம் என்ன பண்றான் அங்க?"

நடுவர் வயசானவர், உன்னைத் தெரிந்தவர். குனிந்து தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றார். நம் கேட்சர் பொடியனுக்கு இருபது வயசு. "யாரு சார் எவெலியோ?" என்று கேட்டான். அவன் என்ன செய்வான், உன் பெயரை அவன் எங்கேயும் படித்ததில்லை. ஃபெர்மின் அவனை அப்படி ஒரு முறை முறைத்தார். அப்புறம் சுற்றிலும் பார்த்தார். ஓரத்தில் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அந்த முகத்தை நான் பார்த்திருக்கவே கூடாது.

உன் அத்தானுக்கு ஞாபகம் போகிறது, எவெலியோ. ஒரு வருடமாகவே. 1971 அணியில் யார் எத்தனையாவதாக பேட் செய்தார்கள் என்று கேள், கடகடவென்று சொல்வார். ரொட்டிக்கடையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாது. நான்தான் கூட்டிவருகிறேன், தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவன் மாதிரி.

இனிமேல் சொல்லப்போவது என் தலையில் நானே போட்டுக்கொண்ட மண். அந்த வரிசையில் நாங்கள் பத்துப் பேர். உன் பெயரைச் சொன்னார் என்று மேலே தெரிந்தால் வம்பு. புத்தி தடுமாறுகிறது என்று தெரிந்தால் ஊரே பரிதாபப்படும், அதை அவர் தாங்கமாட்டார். நான்தான் யோசனை சொன்னேன். "குடிச்சிருந்தார்னு சொல்லிடுவோம்டா. குடிக்காத மானேஜர் எவன் இருக்கான்? ரெண்டு நாள் சிரிப்பாங்க, மறந்துருவாங்க." எல்லோரும் தலையாட்டினார்கள். காப்பாற்றுவதாக நினைத்து ஊரெல்லாம் சொன்னோம். வாழ்நாளில் ஒரு சொட்டு ரம் தொடாத மனுஷன்! மூன்றாம் நாள் அது மாகாணம் முழுக்கப் பரவியது. அதை வைத்துத்தான் அவரை எடுத்தார்கள். ஓய்வு என்று எழுதியதெல்லாம் நாகரிகத்துக்கு.

இப்போது மரத்தடியில் யார் அடுத்த மானேஜர் என்று சண்டை போடும்போது நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்துகிறேன். சும்மா இருந்தால் அழுதுவிடுவேன்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

பெலாயோ


டாம்பா
20 மார்ச் 1999

அன்பு அக்கா,

நீ நலமா? அத்தான் நலமா?

இங்கே ஒரு வாரமாக மழை. முட்டி கொஞ்சம் தேவலை. நிவால்தோவைத்தான் போட்டார்கள் என்று ரேடியோவில் கேட்டேன். சரி, போடட்டும்.

போன கடிதங்களில் நான் கேட்ட கேள்விகளை மறந்துவிடு. எட்டாவது இன்னிங்ஸ் பற்றி இனிமேல் கேட்கமாட்டேன்.

நீ ஒரு வரி கேட்டிருந்தாய். இதை அத்தானிடம் படித்துக் காட்டு: "அத்தான், தாமதமாகிவிட்டது, என்மேல்தான் தப்பு. கை நன்றாக இருக்கிறது."

ஊருக்கு வர அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். இரண்டு அரசாங்கமும் மனது வைக்கவேண்டும். வரிசையில் நிற்கிறேன்.

ஒரு சின்ன டப்பாவில் கொய்யா மிட்டாய் அனுப்பியிருக்கிறேன். அவருக்குப் பிடிக்கும்.

உன் தம்பி,
எவெலியோ


சான் எலியாஸ்
18 ஏப்ரல் 1999

அன்புத் தம்பி,

உன் கடிதத்தைப் பிரித்து முதல் வரியில் 'அத்தான்' என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நேராகப் பெலாயோ வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் இல்ல!" என்றான். நான் வாயே திறக்கவில்லை. அவன் வாயில் தண்ணீர்கூட நிற்காது.

எனக்கு உடம்பு பரவாயில்லை. அவருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் கொடுமை.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். உனக்குத் தெரிந்தால் இரக்கப்படுவாய். இரக்கப்பட்டு ஒரு வரி எழுதுவாய். எனக்கு அது வேண்டாம் என்றிருந்தேன். அவர் சுய நினைவோடு இருக்கும்போதே, நீ கோபம் தீர்ந்து எழுதவேண்டும் என்று ஆசைப்பட்டேன். பேராசை. அதனால்தான் வருடத்தைத் தள்ளாதே என்றேன்.

உன் வரியைப் படித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டார். "நல்ல பையன்" என்றார். யாரென்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இனி ஒன்று சொல்கிறேன். பதினெட்டு வருடம் கழித்துச் சொல்வதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதைச் சொல்லாமல் நீ இங்கே வந்து அவர் கையைப் பிடித்தால் நான் அந்த இடத்திலேயே செத்துவிடுவேன்.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றுதான் அவர் சொன்னார். கூட்டத்துக்கு முந்தின நாள் முழுக்க, "முடியாதுடி, அவன் எறிஞ்ச பந்தை வாங்கி என் விரலே கோணியிருக்கு, இந்தக் கையால எப்படிடி போடுவேன்?" என்று வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார். போடாவிட்டால் அணி கொடுத்த வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா படுத்த படுக்கையாக இருந்தாள். எங்கே தூக்கிக்கொண்டு போவது? பேனாவை அவர் கையில் வைத்தது நான்தான். "அவன் போயிட்டான், நாம இங்கதான இருக்கணும்? போடுங்க" என்றேன். முதல் கையெழுத்தாக இருக்கட்டும், நல்ல பெயர் கிடைக்கும் என்று சொன்னதும் நான்தான்.

நீ அவரைத் திட்டித் திட்டி எழுதியபோதெல்லாம் நான் சும்மா இருந்தேன். அவரும் ஒரு நாள்கூட, 'உன் தம்பிகிட்ட உண்மையைச் சொல்லு' என்று என்னைக் கேட்டதில்லை. இப்போது அவருக்கு அது நினைவிருக்கிறதா என்றே தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கக்கூட அவரிடம் இடமில்லாமல் போயிற்று.

என்னைத் திட்டவேண்டும் என்றால் திட்டு. ஆனால் வா.

உன் அக்கா,
சொய்லா


சான் எலியாஸ்
13 ஜூன் 1999

தம்பி,

எப்படி இருக்கிறாய்? எட்டு வாரமாகக் கடிதம் இல்லை. தபால்காரனைத் தினம் வழிமறித்ததில் அவன் இப்போது வேறு தெரு வழியாகப் போகிறான்.

எனக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. அவர் என்னை இப்போது அவருடைய அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். திருத்துவதை விட்டுவிட்டேன். காலையில் சீருடையைப் போட்டுக்கொண்டு அணியின் பஸ் வருமென்று வாசலில் உட்காருகிறார். பெலாயோ வந்து, "இன்னிக்கு மழை, ஆட்டம் இல்லை ஃபெர்மின்" என்பான். வெயில் கொளுத்தும். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே வருவார்.

நிவால்தோ இப்போது முடிந்த சீசனில் அணியைக் கடைசி இடத்தில் கொண்டுவந்து விட்டான் அல்லவா, மரத்தடியில் இப்போது என்ன கூச்சல் தெரியுமா? "ஃபெர்மினையே திரும்பப் போடுங்கடா!" மனுஷர்களா இவர்கள்?

நீ கோபமாக இருக்கிறாய். இரு. எழுதாவிட்டாலும் பரவாயில்லை, உயிரோடு இருக்கிறாய் என்று மட்டும் யார் மூலமாவது சொல்லி அனுப்பு.

சொய்லா


டாம்பா
11 ஜூலை 1999

அக்கா,

உயிரோடு இருக்கிறேன். மாத்திரையைத் தவறாமல் சாப்பிடு, உப்பைக் குறை.

கோபமாகத்தான் இருந்தேன். நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். நீ அவர் கையில் பேனா வைத்ததற்காக அல்ல. அம்மாவை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்திருப்பாய்? நான் படகேறிவிட்டேன், அம்மாவை உன் தலையில் கட்டிவிட்டு. ஆனால் பதினெட்டு வருடம் என்னைத் தப்பான ஆளை வெறுக்க விட்டாயே, அதுதான் ஆறவில்லை. இப்போதும் முழுக்க ஆறியது என்று பொய் சொல்லமாட்டேன்.

முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். ஆகஸ்ட் 14 வருகிறேன். ஆறு நாள்தான். நான் வருவதாக அவரிடம் சொல்லாதே. அவர் காத்திருந்து மறந்துபோனால் அதை நான் தாங்கமாட்டேன்.

எவெலியோ


டாம்பா
5 செப்டம்பர் 1999

அன்பு அக்கா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த மரவள்ளிக்கிழங்கைச் சுங்கத்தில் எடுத்துக்கொண்டார்கள், அந்த அதிகாரி நன்றாக இருக்கட்டும். உன் ரத்த அழுத்தம் இறங்கியதா?

விமான நிலையத்தில் நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் சொல்லாம போறியே" என்றாய். சொல்ல இருந்தது. வாயைத் திறந்தால் அங்கேயே உடைந்திருப்பேன், நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் எழுதுகிறேன்.

ஆறு நாளில் அவர் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்று உனக்குத் தெரியும். முதல் நாள் நீ, "யாரு வந்திருக்கான்னு பாருங்க" என்றபோது எழுந்து கை குலுக்கி, "வாங்க, உக்காருங்க" என்றாரே, பால்காரரிடம் பேசும் மரியாதையோடு. நான் பின்கட்டுக்குப் போய் முகம் கழுவினேன். நீ பார்க்காத மாதிரி இருந்தாய், நன்றி.

ஐந்தாவது நாள் காலையில் நீ ரொட்டி வரிசைக்குப் போயிருந்தாய். நாங்கள் இரண்டு பேரும் வாசலில் ஆடும் நாற்காலிகளில் இருந்தோம். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"தம்பிக்கு பேஸ்பால் பிடிக்குமா?"

"பிடிக்கும்" என்றேன். "கரிக்காரர் ரசிகன்."

"அப்படியா! அப்ப நீங்களே சொல்லுங்க. கரிக்காரர்களுக்கு இனி யாரைப் போடலாம் மானேஜரா?"

நான் யோசிக்கவே இல்லை. "ஃபெர்மின்" என்றேன்.

அவர் நாற்காலி ஆடுவது நின்றது. "யாரு, அந்தக் கேட்சர் ஃபெர்மினா? வேண்டாம். அவன் ஆக மாட்டான்."

"ஏன்? பிட்சரோட கண்ணைப் பாத்தே களைப்பைச் சொல்றவர் அவரு. அவர மாதிரி யாரு இருக்கா?"

"அதெல்லாம் சரி. ஆனா அவன்கிட்ட ஒரு இடதுகைக்காரன் இருந்தான். இந்த மாகாணத்துலயே அவன மாதிரி ஒருத்தன் பொறக்கல. அவன் பேரை அடிச்சுட்டான் அந்த ஃபெர்மின். சொந்தக் கையால. தன் பிட்சரை விட்டுக்குடுத்தவன் எப்படிங்க மானேஜரா இருக்க முடியும்?"

 நான் விடவில்லை. உன் கடிதம் என் மனசில் இருந்தது. கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். "அவரா போட்டாரு கையெழுத்து? யாரோ சொல்லித்தான் போட்டாருன்னு நான் கேள்விப்பட்டேனே."

அவர் கோபமாகத் திரும்பினார். அக்கா, அந்த ஆறு நாளில் அவர் முகம் தெளிந்திருந்தது அந்த ஒரு கணம்தான். எனக்குப் பழைய அத்தான் தெரிந்தார், முகமூடியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு வருகிறவர்.

"எவன் சொன்னான் அப்படி? யாரும் சொல்லல. அந்த வீட்ல யாருக்கும் அதுல சம்பந்தம் இல்ல. அவன்தான் போட்டான். ஊர்ல எவனாவது வேற மாதிரி சொன்னா நம்பாதீங்க."

நான் மறுத்துப் பேசினேன். ஃபெர்மினுக்காக வாதாடினேன். அவர் ஜெயித்த ஆட்டங்களைச் சொன்னேன், பன்னிரண்டு வருடத்தையும் சொன்னேன். அந்த இடதுகைக்காரனே வந்து 'ஃபெர்மின்தான் வேண்டும்' என்று சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா என்றும் கேட்டேன். "அவன் நல்ல பையன், சொல்லுவான். ஆனா நான் ஒத்துக்க மாட்டேன்" என்றார். இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தோம். அப்போதுதான் நீ ரொட்டியோடு வந்து, "தெருமுனை வரைக்கும் கேக்குது, என்ன சண்டை?" என்றாய். நான் "பேஸ்பால்" என்றேன். அவரும் "பேஸ்பால்" என்றார். நீ சிரித்துக்கொண்டே உள்ளே போனாய்.

எல்லாம் போய்விட்டது அவருக்கு. என் முகம், உன் பெயர், வீட்டு வழி. ஆனால் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, அக்கா. நான் அப்படிக் கேட்டும் காட்டிக்கொடுக்கவில்லை.

மாத்திரையைச் சாப்பிடு. அவருக்குக் கொடுக்கும்போது நீயும் சாப்பிடு.

உன் தம்பி,
எவெலியோ